அளவுக்கு ஓர் ஆள்

நல்ல படம் எடுக்க நல்ல கேமரா வேண்டும் என்பது பாதிப் பொய், மேடம். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேருகிறவர்கள் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள், எந்தக் கம்பெனி வாங்கலாம், எந்த மாடல் வாங்கலாம் என்று. முதலில் கால் வலிக்க நிற்கப் பழகுங்கள், கேமராவைப் பிறகு பார்க்கலாம் என்பேன். மலையும் கண்மாயும் எங்கும் ஓடிப்போகாது. வெளிச்சம்தான் வரும், போகும். அது வருகிறவரைக்கும் நிற்கிறவனுக்குப் படம் கிடைக்கும்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். போன வருஷம் ஐப்பசியில் என் மனைவி ஜெயக்கொடியை நரிப்பாறை ஓடையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அது விபத்து என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் உங்கள் மேசைமேல் இருக்கிறது. அதில் நான் சொன்னது முழுக்கச் சரியில்லை. என் மகள் கேத்ரின் இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் அழுதுவிட்டுப் போனதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அவள் வராவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், போகட்டும். ஆனால் படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் அன்றைக்கு நடந்ததை உங்களுக்குப் புரியவைக்க முடியாது. அந்த டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பெயர் ஜெபதுரை, வயது ஐம்பத்து மூன்று, ராஜபாளையத்தில் ஸ்டுடியோ. இதெல்லாம் பழைய காகிதத்திலேயே இருக்கிறது. கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம், பாஸ்போர்ட் சைஸ் என்று முப்பது வருஷமாக மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை மூடாதீங்க, லேசாச் சிரிங்க. இந்த மூன்றையும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அதனாலோ என்னவோ, ஓய்வு கிடைத்தால் முகமே இல்லாத இடங்களைத் தேடிப் போவேன். சோழபுரம் பக்கத்து மக்காச்சோளக் காடு, புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் கலைந்த மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரம், பிளவக்கல் பக்கத்து மலைச் சரிவு. அங்கே யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

நிலக்காட்சி எடுக்கிறவன் முதலில் படிக்க வேண்டியது அளவு. மலை பெரியது என்று நேரில் நிற்கிற நமக்குத் தெரியும், ஏறிப் பார்த்து முழங்கால் சொல்லியிருக்கும். படம் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அவன் கையில் இருப்பது ஒரு போன். அந்த ஒரு சாண் கண்ணாடிக்குள் மலையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால், எல்லோருக்கும் உயரம் தெரிந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். மாட்டை வைக்கலாம், மரத்தை வைக்கலாம். ஆனால் மரம் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் வளரும், மாடு சொன்ன இடத்தில் நிற்காது. மனிதன்தான் சரி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஜெயக்கொடிதான், தெரியாமலேயே. டிஜிட்டல் கேமரா வாங்கின புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காலை வெயிலில் எடுத்தேன். மதுரையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினால், தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் இது மண்ணில் செய்த கோபுரமா என்று கேட்டார். அவ்வளவு பெரிய கோபுரம், மேடம். மறுவாரம் திரும்பப் போனேன். என்கூட வந்தவள் நான் கேமரா முக்காலியை நாட்டுவதற்குள் எனக்கென்ன என்று முன்னால் நடந்துபோய்விட்டாள். கடுகுப்பூ மஞ்சள் நிறச் சேலை. அவள் முதுகு படத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு விழுந்திருந்தது. அந்த நகத்தளவால் கோபுரம் எழுந்து நின்றுவிட்டது. அந்தப் படம் மதுரையில் நடுச்சுவரில் மாட்டப்பட்டது.

அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் அவள்தான் என் படங்களின் அளவு. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஐந்து நாளும் தொண்டை வற்றக் கத்திவிட்டு, சனிக்கிழமையாவது தூங்கலாம் என்று படுத்திருப்பவளை விடியுமுன் எழுப்புவேன். முனகிக்கொண்டே எழுந்து பிளாஸ்கில் சுக்குக் காப்பி ஊற்றுவாள். சபையில் பாடகர் குழுவில் பாடுகிறவள், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். இடம் வந்ததும் நான் கை காட்டுகிற பாறைக்கோ வரப்புக்கோ நடந்துபோய், எனக்கு முதுகு காட்டி நிற்பாள். அந்தக் கடுகுப்பூ நிறச் சேலை நைந்தபோது அதே நிறத்தில் இன்னொன்று நானே வாங்கிக் கொடுத்தேன். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அந்த நிறத்தைப் போல் எதுவும் எடுபடாது. நான் அவளை நேசித்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதுகு ஏன் என்று கேட்பீர்கள். அவளும் கேட்டிருக்கிறாள். ஒரு படத்தில் முகம் இருந்தால் மலை தோற்றுப்போகும், மேடம். பார்க்கிறவன் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். இவள் யார், ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று கதை தேட ஆரம்பித்துவிடுவான், பின்னால் ஆறாயிரம் அடி மலை நிற்பது தெரியாது. வகுப்பில் இதை நான் எப்போதும் சொல்வேன்.

"ஏங்க, ஒருதடவையாச்சும் எம் மொகம் தெரியிற மாதிரி எடுங்களேன்" என்றாள் ஒருநாள், சஞ்சீவி மலைப் பக்கம். "ஊருக்கெல்லாம் போட்டோ எடுக்கிறவரு பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ இல்ல. நான் செத்தா மாட்டுறதுக்கு ஒண்ணு வேணும்லா."

"ஸ்டுடியோவுக்கு வா, எடுத்துத் தாரேன்" என்றேன்.

"அங்கன எல்லாருக்குந்தான் எடுக்கீங்க. அந்த நீலத் துணி முன்னால எனக்கு வேண்டாம். இங்கன, இந்த மலை முன்னால எடுங்க."

பிறகு பார்க்கலாம் என்றேன். உண்மையில் எனக்கு அதைப் பிறகு ஒருநாள் செய்யும் எண்ணம் இருந்தது. எப்போதும் வெளிச்சம் போய்விடும், அல்லது மேகம் வந்துவிடும், அல்லது அவளுக்குச் சபையில் பாடல் பயிற்சிக்கு நேரமாகிவிடும்.

இப்போது விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடும் தண்ணீரைப் பால்போல் காட்டுகிற படங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கேமராவை முப்பது விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த முப்பது விநாடியும் படத்தில் நிற்கிற ஆள் அசையக் கூடாது, அசைந்தால் ஆள் புகையாகிவிடுவார். அவள் நிற்பது தூரத்தில், நடுவில் தண்ணீர்ச் சத்தம். கூப்பிட்டால் கேட்காது. அவளேதான் பள்ளிக்கூடத்து விசில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற விசில். ஒரு விசில் அடித்தால் அப்படியே நிற்க வேண்டும், அசையக் கூடாது. சேர்ந்தாற்போல் இரண்டு விசில் அடித்தால் முடிந்தது, வந்துவிடலாம். அவ்வளவுதான் எங்கள் மொழி. கேத்ரின் சின்னவளாக இருந்தபோது அவளும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சில படங்களில் நின்றிருக்கிறாள். அவளுக்கும் இது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஜெயக்கொடியைப் போல் நிற்கத் தெரிந்தவர்கள் கிடையாது. ஒருமுறை கண்மாய்க் கரையில் காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்திருக்கிறது. இரண்டு விசில் கேட்கிறவரைக்கும் நின்றுவிட்டு, பிறகுதான் சேலையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். கால் வீங்கிப்போயிருந்தது. ஏன் அசையவில்லை என்று கேட்டதற்கு, நீங்கதான் விசிலடிக்கலையே என்றாள். எனக்கு அன்று மனசு நிறைந்துவிட்டது.

நரிப்பாறை ஓடைக்கு வருகிறேன். வத்திராயிருப்பைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாசம் கல்லும் மணலும்தான், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் ஓடும். ஆனால் மேலே மலையில் நல்ல மழை பெய்தால், கீழே சொட்டு விழாமல் இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதன் தலை ஒரு சுவராக வரும், மேடம். மண்ணும் முறிந்த மரமும் செத்தையுமாகப் புரண்டு வரும். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் படம் எடுத்தவன் ஒருவன் கிடையாது. எனக்கு அது ஒரு ஏக்கமாகவே இருந்தது. கல்யாண ஆல்பம் போட்டே சாகப்போகிறோமா, நம் பெயர் சொல்ல ஒரு படம் வேண்டாமா என்று.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் அதை எடுத்தும் விட்டேன். தனியாகப் போயிருந்தேன். ஓடையின் வளைவில் வெள்ளம் திரும்பி வருவதை மேட்டுப் பாறையிலிருந்து எடுத்தேன். அடுத்த ஞாயிறு வகுப்பில் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பெனின் என்று ஒரு பையன், மில்லில் சூப்பர்வைசர், நல்ல கண் உள்ளவன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"சார், இது எம்புட்டு ஒசரம்னே தெரியலையே. வாய்க்கால்ல தண்ணி தொறந்துவிட்ட மாதிரில்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவனை நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் சொன்னது சரி, படத்தில் ஆள் இல்லை.

பழைய காகிதத்தில், சும்மா சாயங்கால வெளிச்சத்துக்காகப் போனோம், வெள்ளம் வருமென்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் சொன்னேன். ஜெயக்கொடியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த மாசத்தில் அது எங்களுக்கு நாலாவது தடவை. மேற்கே மலை கறுக்கிற நாளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தடவை மேகம் கலைந்துவிட்டது. ஓடை நடுவில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது, அதில் அவளை நிறுத்தினால் வளைவு அவளுக்கு நேர் பின்னால் அமையும். என் இடம் கீழ்ப்பக்கம், கரையிலிருந்த மேட்டுப் பாறை, நாற்பதடி தூரம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிறவன் இல்லை. கணக்குப் போட்டிருந்தேன். வளைவில் வெள்ளத்தின் தலை தெரிந்ததிலிருந்து தட்டைப் பாறையைத் தொட இருபது விநாடி ஆகும் என்று முந்தின தடவை எடுத்த படங்களின் நேரத்தை வைத்துப் பார்த்திருந்தேன். பாறையிலிருந்து கல் கல்லாக மிதித்துக் கரையேற அவளுக்குப் பன்னிரண்டு விநாடி. அதையும் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், எதற்கென்று அவள் கேட்கவில்லை. எட்டு விநாடி மிச்சம் இருந்தது. ஒரு படம் எடுக்க ஒரு விநாடி போதும். மிச்சமிருந்த ஏழு விநாடியும் அவளுக்குத்தான். இதைவிடக் கவனமாக யார் செய்வார்கள் சொல்லுங்கள்.

அன்றைக்கு மணி நாலு இருக்கும். மேற்கே மலை மைபோலக் கறுத்துக் கிடந்தது, கிழக்கே வானம் திறந்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சம் வருஷத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். எதிர்க்கரையில் சங்கையா ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை உங்களுக்குத் தெரியும், சாட்சி சொன்னவர். எங்களைப் பார்த்துவிட்டுக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"சார், மேக்க இருட்டிக்கிட்டு வருது. மலையில நல்லாப் பெய்யிது போல. அம்மாவக் கரையேறச் சொல்லுங்க. செத்தை மெதந்து வந்துச்சுன்னா நின்னு பாக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷத்துல கெளம்பிருவோம்" என்றேன். அவர் ஒரு குட்டியைத் துரத்திக்கொண்டு மேட்டுக்குப் போனார். ஜெயக்கொடி பாறையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் ஒரு விசில் அடித்தேன். அவள் வளைவைப் பார்க்கத் திரும்பி நின்றாள்.

பிறகு செத்தை வந்தது. முதலில் காய்ந்த சருகு, அப்புறம் சுள்ளி, அப்புறம் நுரை. தண்ணீர் தெளிவு போய்ப் பழுப்பானது. செத்தையைப் பார்க்கவில்லை என்று பழைய காகிதத்தில் சொல்லியிருக்கிறேன். பார்த்தேன். அவள் காலடியில் பாறையைச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்தாள். குனிந்தாளே தவிர நகரவில்லை. அவளுக்கு அடிவாரத்து ஊர்தான் பிறந்த ஊர், செத்தைக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். இரண்டு பர்லாங்கு தள்ளிக் கருவேல மரத்தடியில் சங்கையாதான் அவளை இழுத்துக் கரையேற்றினார். கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு நிமிர்ந்தேன், விசிலடித்துக் கூப்பிட்டேன், அதற்குள் போய்விட்டாள் என்று உங்களிடம் சொன்னேன். விசில் சத்தம் கேட்டது என்று சங்கையாவும் சொன்னார். பாவம், அவர் அறிந்த உண்மையை அவர் சொன்னார்.

அடக்கத்துக்கு முந்தி சபை வாசலில் பிளெக்ஸ் வைக்கப் படம் கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடினோம். சுவரெல்லாம் அவள்தான் இருக்கிறாள், மேடம். வரவேற்பறையில் பதினொரு படம், மாடிப்படியில் ஆறு. எல்லாவற்றிலும் முதுகு. கேத்ரின் சென்னையிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பைலாகத் திறந்து பார்த்தாள். கல்யாணப் படங்கள் வேறொருவர் எடுத்தது, பூஞ்சை பிடித்துவிட்டது.

"அம்மா மொகம் தெரியிற போட்டோ ஒண்ணுகூடவா இந்த வீட்ல இல்ல?" என்றாள். "நீங்க போட்டோகிராபர்தானப்பா?"

கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். அதை நீங்கள் பார்த்திருந்தால். தாடை தூக்கி, கண் பாதி மூடி, நெற்றியில் பளபளப்பு. அந்தப் பிளெக்ஸுக்குக் கீழே நின்று வந்தவர்களிடமெல்லாம் கை குலுக்கினேன். துக்கத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு வருஷம் அந்த முகம் வரவேற்பறையில் தொங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் அதைவிட நல்ல படம் ஒன்று இருந்தது. யாரிடமும் காட்டாமல் ஸ்டுடியோ மேசை இழுப்பறையில் ஒரு மெமரி கார்டில் வைத்திருந்தேன். முதலாமாண்டு நினைவு ஆராதனைக்கு அட்டை அடிக்க வேண்டும் என்று கேத்ரின் சொன்னபோது, அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்புலத்தை மங்கலாக்கிக் கொடுத்தேன். எங்கே எடுத்தது என்று கேட்டாள். பாடல் பயிற்சியில் எடுத்தது, இப்போதுதான் கிடைத்தது என்றேன். படத்தைப் பார்த்து அப்படி அழுதாள். வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் விரிந்து நேராகப் பார்க்கும். சபையில் அட்டையை வாங்கியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள், ஜெயக்கொடி டீச்சர் மேல்ஸ்தாயியில் பாடும்போது இப்படித்தான் இருப்பாள், உயிரோடு பார்ப்பதுபோல் இருக்கிறது என்று. நாற்பது வருஷம் கோயிலில் பாடினவளுக்கு இது பொருத்தம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயரும் சொன்னார்.

சங்கையாவையும் அழைத்திருந்தோம். அவர் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் அம்மா இப்படித்தான் திரும்பிப் பாத்தாக" என்றார் கேத்ரினிடம். "அந்த விசில் சத்தம் எனக்கு இன்னும் காதுலயே கெடக்கு தாயி."

"எத்தன விசில்?" என்றாள்.

"ரெண்டு."

"சேந்தாப்புலயா, தனித்தனியாவா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையிலிருந்த அட்டைக் கட்டை வேறு கைக்கு மாற்றினேன்.

"தனித்தனியாத்தான். முன்னாடி ஒண்ணு கேட்டுச்சு. பொறவு, தண்ணி வளைவு திரும்பினதுக்கப்பறம் ஒண்ணு. அப்ப அம்மா கரைக்கு ஒரு எட்டு வச்சுட்டாக. விசில் கேக்கவும் நின்னுட்டாக. பயத்துல காலு ஓடல போல."

கேத்ரின் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளும் அந்த விசிலுக்கு நின்றவள்தானே. வீட்டுக்கு வந்து, "ரெண்டாவது ஏன்ப்பா ஒத்த விசில் அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் எத்தனை அடித்தேன் என்று யாருக்கு நினைவிருக்கும் என்றேன். மறுநாள் அட்டையோடு உங்களிடம் வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை, அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

எனக்கு நினைவிருக்கிறது, மேடம். கார்டை உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். அதில் அன்றைய படம் மூன்று. விநாடியோடு நேரம் பதிந்திருக்கிறது, நான் பொய் சொன்னாலும் அது சொல்லாது.

முதல் படம் நான் திட்டமிட்டது. அவள் முதுகு, சேலை, வளைவில் வெள்ளத்தின் தலை அப்போதுதான் திரும்புகிறது. அது கிடைத்ததும் இரண்டு விசில் அடிக்க வேண்டும். அதுதான் கணக்கு. விசில் என் உதட்டில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவள் திரும்பினாள். பத்தொன்பது வருஷத்தில் விசில் இல்லாமல் அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. "ஏங்க" என்றாள். தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை, வாயசைவில் தெரிந்தது. கிழக்கு வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில் விழுந்தது. அவளுக்குப் பின்னால் அந்தப் பழுப்புச் சுவர் அவள் தோளைவிட உயரமாக வந்துகொண்டிருந்தது, அதற்கும் பின்னால் கறுத்த மலை. முகம் இருந்தால் மலை தோற்றுவிடும் என்று அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. உடனே எடுத்தேன். இரண்டாவது படம்.

எடுத்ததும் பின்பக்கத் திரையைப் பார்க்கச் சொல்லி வகுப்பில் பழக்குவேன். சரியாக விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும், வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டுப் பயனில்லை. பார்த்தேன். முகம் கலங்கியிருந்தது. அவள் கரைக்கு ஒரு அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அதனால். நிமிர்ந்தேன். ஒரு விசில் அடித்தேன்.

நின்றாள். ஒரு கால் பாறையில், ஒரு கால் பக்கத்துக் கல்லில். என்னையே பார்த்தாள். மூன்றாவது படத்தை எடுத்தேன். அதன் பிறகு இரண்டு விசில் அடித்தேன், சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று ஒரு வருஷமாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இல்லை. நான் அடிக்கவில்லை. மறுபடி திரையைத்தான் பார்த்தேன். படம் சரியாக விழுந்திருந்தது. நிமிர்ந்தபோது பாறை தெரியவில்லை.

கொன்றேனா என்று கேட்டால் ஆம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அந்த வார்த்தையை நீங்கள் எழுதுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்றாவது படத்தை இந்தக் கம்ப்யூட்டரில் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரியும், சேலையில் ஒரு சுருக்கம்கூடக் கலங்கவில்லை. மலை முன்னால், முகம் தெரிகிற மாதிரி. பத்தொன்பது வருஷமாக அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு படம்தான், மேடம், அதை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.